வாசற்படியை விழுங்கும் காபட்: வீதிக்குப் பொறுப்பான பிரதம பொறியியலாளருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா,

எங்கள் ஒழுங்கைக்கு மறுபடியும் காபட், அதாவது தாரும் கல்லும் சூடாகக் கலந்த மேலடுக்கு, போடப்போவதாகச் சென்ற வாரம் மின்கம்பத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். விவரம் கேட்க உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தடிப்பு 25 மில்லிமீற்றர், பழைய தாரைச் சுரண்டுவதில்லை, தண்ணீர் ஓடும் கானில் கை வைப்பதில்லை, ஆகக் குறைந்த விலை கேட்ட ஒப்பந்தக்காரருக்கு வேலை, டிசம்பர் 31க்கு முன் முடிக்கவேண்டும் என்றார்கள். இந்த வேலையை நிறுத்தும்படி கேட்டே எழுதுகிறேன். தன் வாசலுக்குக் காபட் வேண்டாம் என்று எழுதும் ஆளை நீங்கள் அதிகம் கண்டிருக்கமாட்டீர்கள். அதனால் காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்லவேண்டியிருக்கிறது.

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கிழக்கே, கால்வாய்ப் பக்கமாகச் சரியும் ஒழுங்கை எங்களுடையது. நீளம் 180 மீற்றர், அகலம் நான்கு மீற்றர். 1978இல் அப்பா இந்த வீட்டை வாங்கியபோது வீதியிலிருந்து மூன்று படி ஏறித்தான் விறாந்தைக்கு வரவேண்டும். முதற் படியில் உட்கார்ந்துதான் நான் பள்ளிக்கூடம் போகச் சப்பாத்துக் கட்டினேன், பிறகு என் மகளும் அப்படியே. அந்தப் படியை யாரும் உடைக்கவில்லை, பெயர்த்தெடுக்கவும் இல்லை. அது இருந்த இடத்திலேயே தாருக்கு அடியில் இருக்கிறது. இரண்டாம் படியும் ஒரு விரல் அளவுக்கு உள்ளே போய்விட்டது.

எங்களுக்கு மூன்று படி இருந்தது, தப்பினோம். எதிர்வீட்டுக்கு ஒரே படி. இப்போது வீதி அவர்களுடைய முன்னறைத் தரையைவிட உயரம். ஒரு மணி நேரம் அடித்து மழை பெய்தால் கான் நிரம்பி, தண்ணீர் வீதியைக் குறுக்கே கடந்து அந்த வாசலைத் தேடிப் போகிறது. அதைத் தடுக்க வாசலில் ஓரடி உயரத்துக்குச் சீமெந்துக் கட்டு எழுப்பினார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு 74 வயது. அந்தக் கட்டைத் தாண்டும்போது இடறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். எங்கள் வீதியின் செலவுக் கணக்கை நீங்கள் எப்போதாவது எழுதினால் அந்த இரண்டு மாதத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

நான் பொறியியலாளன் அல்லன். ஆனால் 22 ஆண்டுகள் வீதி வேலை செய்யும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் அளவுப் புத்தகம் எழுதியவன். அடித்தளத்துக்குப் போடும் ஏபிசி கல் எத்தனை கியூப் இறங்கியது, அடுக்குகளை ஒட்டவைக்கும் டக் கோட் எத்தனை லீற்றர் தெளித்தது, காபட் எத்தனை தொன் வந்தது என்று பதிந்தவன். 50 மில்லிமீற்றர் என்று பதிந்த இடத்தில் 38 இருந்ததைக் கண்டதும் உண்டு. பதிந்தது என் கைதான். ஓய்வு பெற்ற பிறகு இதைச் சொல்வது பெரிய வீரம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன மழைக்குப் பிறகு ஒழுங்கை வளைவில் ஒரு குழி விழுந்தது. முழங்கால் மடித்து உட்கார்ந்து அதன் விளிம்பைப் பார்த்தேன். நான்கு அடுக்கு. 2009, 2013, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் போட்டவை. நாடாவை வைத்து அளந்தேன்: கீழிருந்து 38, 31, 34, 27 மில்லிமீற்றர். மேலடுக்கின் ஒரு துண்டைப் பிடித்து இழுத்தபோது, எண்ணெய் நன்றாகப் பூசிய கல்லிலிருந்து தோசை எடுபடுவதைப் போல, முழுசாகக் கையோடு வந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பாகப் பளபளக்கவேண்டிய இடம் வெளிறிய மண்நிறமாக இருந்தது, விரலால் தேய்த்தால் தூசி. டக் கோட் தெளிக்கவில்லை, அல்லது கூட்டாத தூசியின்மேல் தெளித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் நான்கும் சேர்ந்து 130 மில்லிமீற்றர் பலகையாக நின்று பாரத்தைத் தாங்கியிருக்கும். ஒட்டாதபடியால் நான்கு மெல்லிய தகடுகள் தனித்தனியாக நெளிகின்றன. மேல் தகடு முதலில் வெடிக்கிறது, வெடிப்பினூடாக இறங்கும் தண்ணீர் இடையில் தேங்குகிறது, டயர் ஏறும்போது அந்தத் தண்ணீர் பிதுங்கிக் கல்லிலிருந்து தாரை உரிக்கிறது. அந்த நான்கு அடுக்கையும் என்ன தடிப்பில் கேட்டீர்கள் என்பது உங்கள் கோப்பில் இருக்கும். நாடா காட்டியதை நான் சொல்லிவிட்டேன்.

25 மில்லிமீற்றரில் எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். காபட் கலவை ஆலையில் 150, 160 பாகை செல்சியஸ் சூட்டில் கலக்கப்படுகிறது. அது 85 பாகை அளவுக்கு ஆறுவதற்குள் ரோலர் ஓடி முடிக்கவேண்டும், அதற்குப் பிறகு உருட்டினால் இறுகாது. தடித்த அடுக்கு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய அடுக்கு சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். 2021இல் எங்கள் ஒழுங்கைக்கு வந்த லொறி நகரத்துக்கு வெளியேயிருந்து வந்து, நெரிசலில் இரண்டு மணித்தியாலம் நின்று, இரவு பத்தரைக்கு, தூறலில் கொட்டியது. கொட்டும்போது புகை எழவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். இறுகாத காபட்டில் காற்றிடைவெளி கூடும். ஏழு சதவீதத்துக்கு மேல் கூடும் ஒவ்வொரு சதவீதமும் வீதியின் ஆயுளில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கைத் தின்கிறது என்பது உங்கள் துறையில் எல்லோரும் அறிந்த கைக்கணக்கு. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, அந்த இடைவெளிகளில் எது போய் உட்காரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனிக் கணக்கு. ரூபாவில் எழுதினால் நாளைக்கே விலை மாறும். ஆகவே பங்கு என்று வைக்கிறேன். தார் தெளித்துச் சல்லி தூவி, அதன்மேல் இன்னொரு முறையும் அப்படியே செய்யும் பழைய முறைக்கு ஒரு பங்கு செலவு என்று வைத்துக்கொண்டால், நான் வேலை பார்த்த நாட்களின் விலைகளின்படி நீங்கள் இப்போது போடப்போகும் 25 மில்லிமீற்றர் காபட் இரண்டு பங்கு. பழையதைச் சுரண்டி, வளைவில் ஏபிசியைத் திருத்தி, கானைத் துப்புரவாக்கி, ஒழுங்காக 50 மில்லிமீற்றர் போட்டால் ஐந்து பங்கு. முதல் நாளில் பார்த்தால் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் போட்டியே இல்லை. ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்கும் உங்கள் கேள்விப்பத்திரம் முதல் நாளோடு நின்றுவிடுகிறது.

இருபது ஆண்டு பாருங்கள். மெல்லிய காபட் எங்கள் ஒழுங்கையில் நான்கு ஆண்டுதான் நின்றிருக்கிறது. 25 மில்லிமீற்றர் அதுவும் நிற்காது, ஆனாலும் நான்கு என்றே வைக்கிறேன். ஐந்து முறை போடவேண்டும்: பத்துப் பங்கு. குழி அடைக்க ஆண்டுக்குப் பங்கில் ஐந்திலொன்று என்றால் இன்னும் நான்கு. மொத்தம் பதினான்கு. ஒழுங்கான காபட் பன்னிரண்டு ஆண்டு நின்றால், அதன் முடிவில் மேலடுக்கைச் சுரண்டி 40 மில்லிமீற்றர் போட மூன்று பங்கு, வெடிப்பு அடைக்கவும் கான் துப்புரவுக்கும் இருபது ஆண்டுக்கு ஒரு பங்கு. மொத்தம் ஒன்பது. போதாததற்கு, இருபதாம் ஆண்டின் கடைசி நாளில் அந்த வீதிக்கு இன்னும் நான்கு ஆண்டு ஆயுள் மிச்சம். மெல்லியதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

உங்கள் கணக்காளர் உடனே ஒரு கேள்வி கேட்பார்: பத்தாண்டுக்குப் பிறகு செலவழிக்கும் ரூபாவும் இன்று செலவழிக்கும் ரூபாவும் ஒன்றா? நியாயமான கேள்வி. ஆண்டுக்குப் பத்து சதவீதம் கழித்து இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தும் பார்த்தேன். மெல்லியது 7.1, ஒழுங்கானது 6.4. வித்தியாசம் நன்றாகச் சுருங்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் மலிவென்று வாங்கியதுதான் விலை கூடியது. இத்தனைக்கும் எதிர்வீட்டு அக்காவின் இடுப்பை நான் இதில் சேர்க்கவில்லை, என் வாசற்படியையும் சேர்க்கவில்லை.

டொலரையும் சேர்க்கவில்லை. நாம் தார் தார் என்று சொன்னாலும் அது நிலக்கரித் தார் அல்ல, மசகு எண்ணெயை வடித்த பின் அடியில் மிஞ்சும் பிற்றுமன் என்பது உங்களுக்குத் தெரியும். கல் எங்கள் ஊர்க் கல். பிற்றுமன் கடல் தாண்டி வருகிறது, இல்லாவிட்டால் கடல் தாண்டி வந்த மசகு எண்ணெயிலிருந்து வருகிறது. காபட்டின் எடையில் அது ஏறத்தாழ ஐந்து சதவீதம்தான். ஆனால் ஐந்து முறை 25 மில்லிமீற்றர் என்பது 125 மில்லிமீற்றர் காபட். 50உம் 40உம் சேர்ந்தால் 90தான். சதுர மீற்றருக்கு ஒன்றில் 15 கிலோ பிற்றுமன், மற்றதில் 11 கிலோவுக்கும் குறைவு. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டதைப் பார்த்தபிறகும், இருபது ஆண்டில் ஐந்து தடவை சந்தைக்குப் போகும் முறையைச் சிக்கனம் என்று எப்படி அழைக்கிறீர்கள்?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும், எங்கள் ஒழுங்கைக்காரருக்கு அது பிடிக்காது. எல்லா இடத்துக்கும் தடித்த காபட் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கையிலிருந்து காலி வீதிப் பக்கமாக மூன்று முட்டுச்சந்துகள் பிரிகின்றன. உங்கள் அறிவித்தல் அவற்றையும் சேர்த்திருக்கிறது. அங்கே மண் உறுதி, நிலம் மேடு, தண்ணீர் நிற்பதில்லை, முச்சக்கர வண்டிக்கு மேல் பாரமாக எதுவும் போவதில்லை. அந்த மூன்றுக்கும் தார் தெளித்துச் சல்லி தூவும் பழைய முறையே போதும். ஆறாண்டுக்கு ஒருமுறை செய்து, சிறு திருத்தங்களையும் சேர்த்தாலும் இருபது ஆண்டுக்கு ஆறு பங்கு. இன்றைய பெறுமதியில் மூன்றுகூட வராது. அதன் குறைகளும் தெரியும்: முதல் இரண்டு வாரம் சல்லி தெறிக்கும், செருப்பில் தார் ஒட்டும், வீட்டுக்காரர் ஏசுவார்கள். வீதிக்கு வலுவையும் அது கூட்டாது, ஏற்கெனவே வலுவான வீதிக்குத் தண்ணீர் புகாத தோலாக மட்டும் இருக்கும். ஆனால் காபட் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் ஒரு மவுசு வந்துவிட்டது. தேர்தல் மேடையில் "உங்கள் ஒழுங்கைக்குச் சல்லி தூவித் தருகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை. அந்த மவுசுக்காகத்தான் ஒரு பங்கில் முடியும் இடத்துக்கு இரண்டு பங்கும், ஐந்து பங்கு வேண்டிய இடத்துக்கு அதே இரண்டு பங்கும் கொடுக்கிறீர்கள்.

ஒழுங்கைக் கூட்டத்தில் பிளாஸ்டிக் வீதி பற்றியும் பேச்சு வந்தது. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கைச் சிறு துண்டுகளாக்கிச் சூடான கல்லின்மேல் உருகிப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார், 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழன் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஜேர்மனியில் 1960களில் வந்த, பெருங்கல் நெருக்கமாக அடுக்கி, பிற்றுமனையும் நாரையும் கூட்டிச் சேர்க்கும் கலவையைப் பற்றியும் ஓர் இளைஞர் சொன்னார். பாரவண்டிகள் இரவு பகலாக ஓடும் பெருவீதிக்கு அது நல்லது. ஆனால் எங்கள் கான் அடைபட்டிருக்கும்வரை மேலே எதைப் பூசினாலும் தண்ணீர் கீழிருந்து வேலையைக் காட்டும்.

பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினோயில் லொறிகளை ஓட்டி ஓட்டிச் செய்த வீதிச் சோதனையிலிருந்து வந்த விதி உங்கள் மேசையில் இருக்கும்: அச்சுப்பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. கார் அச்சு ஒன்றுக்கு 700 கிலோ என்று வையுங்கள். எங்கள் ஒழுங்கையின் கோடியில் எழும் தொடர்மாடிக்குக் கொங்கிரீட் கொண்டுவரும் லொறியின் பின்னச்சு ஒன்றுக்கு ஏழு தொன். பாரம் பத்து மடங்கு, சேதம் பத்தாயிரம் மடங்கு. அந்த லொறி ஒருநாள் ஏழு முறை வந்துபோனதை எண்ணினேன். தொடர்மாடி கட்டுகிறவர் வீதிக்காக என்ன கட்டணம் கட்டினார் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டேன், பதில் கிடைக்கவில்லை. கட்டடம் முடியுமுன் காபட் போட்டால் அது அவருக்காகப் போடும் காபட். நாங்கள் வரி கட்டுகிறோம்.

பணம் ஆண்டு முடிவோடு திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும், அதற்குள் செலவழிக்கவேண்டும் என்று உங்கள் உத்தியோகத்தர் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் உள்ளதைச் சொன்னார். ஆனால் கொழும்பில் மழை மிக அதிகமாகக் கொட்டும் மாதங்களில் ஒக்டோபரும் நவம்பரும் உண்டு. வரவுசெலவு ஆண்டு டிசம்பரில் முடிவதால் வீதி வேலையெல்லாம் சரியாக அந்த மாதங்களில் வந்து குவிகிறது. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வெயில் காய்கிறது, காபட் விரிக்கும் பேவர் சும்மா நிற்கிறது. என் 22 ஆண்டிலும் இதுதான் நடந்தது, நானே குடை பிடித்துக்கொண்டு அளவெடுத்திருக்கிறேன்.

தள்ளிப்போட்டால் வீதி இன்னும் கெட்டுவிடுமே என்பீர்கள். கெடும். தென்னாபிரிக்காவின் தேசிய வீதி நிறுவனம் போட்ட கணக்கின்படி, பராமரிக்காமல் மூன்றாண்டு விட்டால் திருத்தச் செலவு ஆறு மடங்காகும், ஐந்தாண்டு விட்டால் பதினெட்டு மடங்காகும். ஆனால் நான் கேட்பது மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் கானைத் துப்புரவாக்கி, குழிகளைச் சதுரமாக வெட்டி ஒழுங்காக அடைத்தால் வீதி காத்திருக்கும்.

ஆகவே கேட்கிறேன். இந்த 25 மில்லிமீற்றர் வேலைக்கான கட்டளையை இடைநிறுத்துங்கள். மிஞ்சியிருக்கும் நாட்களில் இவ்வாண்டுப் பணத்தைக் கானுக்கும், கானின் மூடிகளுக்கும், வளைவின் அடித்தளத்துக்கும் செலவழியுங்கள். அது மழை ஓயும் இடைவெளியில் செய்யக்கூடிய வேலை. காபட்டை ஜனவரிக்குப் பிறகு, தொடர்மாடியின் கொங்கிரீட் வேலை முடிந்ததும் போடுங்கள். போடுமுன் பழைய நான்கு அடுக்கையும் சுரண்டியெடுத்து வீதியைப் பழைய மட்டத்துக்கு இறக்குங்கள். எதிர்வீட்டுத் தரையைவிட வீதி தாழ்ந்திருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். சுரண்டிய காபட் குப்பை அல்ல, புதிய கலவையில் மறுபடி சேர்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே, அதை ஒப்பந்தக்காரர் ஏற்றிக்கொண்டு போனால் அதன் பெறுமதியைப் பட்டியலில் கழியுங்கள். மூன்று முட்டுச்சந்துகளுக்கும் சல்லித்தார் போதும். வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன்.

தொடர்மாடி கட்டுவோரிடம் வேலை தொடங்குமுன் வீதிக்கான வைப்புப்பணம் வாங்குங்கள், வீதியைப் பார்த்தபின் திருப்பிக் கொடுங்கள். இனிமேல் எந்த ஒழுங்கைக்கு விலை கேட்டாலும் முதல் நாள் விலைக்குப் பக்கத்திலேயே இருபது ஆண்டுச் செலவையும் எழுதி, சிங்களத்திலும் தமிழிலும் ஒட்டுங்கள். சென்ற வாரத்து அறிவித்தலில் தமிழ் இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. காபட் போட்ட மறுநாள் மூன்று இடத்தில் துளையிட்டு மாதிரி எடுத்து, தடிப்பையும் காற்றிடைவெளியையும் அளந்து, அதற்குப் பிறகே பணம் கொடுங்கள். துளையிடும் நாளை முன்கூட்டியே அறிவித்தால் ஒழுங்கைக்காரர் நாலு பேர் வந்து நிற்போம். நாடா கொண்டுவருகிறேன். இந்த முறை நாடா காட்டுவதை மட்டும் எழுதுவேன்.

இப்படிக்கு,
கால்வாய்ப் பக்கத்து ஒழுங்கையின், இரண்டு படி மிஞ்சிய வீட்டுக்காரன்